முற்றத்து மூலிகையும் மூன்று கேள்விகளும்

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்தால் போதும். நம் வீட்டுக் கொல்லையிலும், கோவில் மதிலோரத்திலும், கல்லறைத் தோட்டத்து நடைபாதையிலும் யாரும் விதைக்காத செடிகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை, கரிசலாங்கண்ணி என்று அவற்றுக்கு நம் பாட்டிமார் வைத்திருக்கும் பெயர்கள் பல. நாம் களை என்று பிடுங்கி எறிவதை அவர்கள் மருந்து என்று மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். இக்கட்டுரை அந்த மடியைப் பற்றியது. அதனுள் உண்மையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது ஒரு துக்க வீட்டில் நாம் கேட்ட ஒரு கேள்வி.

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஒரு மழைக்காலத்தில் கண்ணும் நகமும் மஞ்சளித்து, சோறு கண்டால் குமட்டலெடுத்து ஊர் திரும்பினான். வீட்டில் இருந்த அப்பத்தா மறுநாள் விடியற்காலையில் கொல்லைக்குப் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெயிலில் அலைச்சலும் இல்லை. மூன்று வாரத்தில் பையனின் கண் வெளுத்தது; பசி எடுத்தது. அன்று முதல் தெருவில் யாருக்கு மஞ்சள் காமாலை என்றாலும் அந்த அப்பத்தாவின் அம்மிதான் மருந்தகம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. இம்முறை அந்தப் பையனின் தாய்க்குக் கண் மஞ்சளித்தது. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு மட்டும் தாங்க முடியவில்லை. அப்பத்தா தம் மருமகளுக்கு அதே அன்போடு அதே மருந்தை அரைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் ஆயிற்று; குறையவில்லை. பத்தியம் சரியாக இல்லையோ என்று பத்தியத்தை இறுக்கினார்கள். இரண்டரை மாதம் கழித்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, பித்தநாளம் குடலோடு சேரும் இடத்தில் ஒரு கட்டி வளர்ந்து வழியை அடைத்திருப்பது தெரிந்தது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அறுவை செய்து பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். அடுத்த விண்ணேற்புத் திருநாளுக்கு அந்தத் தாய் இல்லை.

அடக்கம் முடிந்து நாம் விடைபெறச் சென்றபோது, திண்ணையில் இருந்த அப்பத்தா நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. நான் அரைச்சுக் குடுத்ததாலதான் அவ போயிட்டாளா? அவ மகனுக்கு அதே பச்சிலைதானே கேட்டுச்சு?"

அந்த நேரத்தில் ஆறுதலாகச் சில சொற்கள் சொல்ல முடிந்ததேயன்றி, முழு விடையைச் சொல்ல நம்மால் இயலவில்லை. இப்போது சொல்ல முயல்கிறோம்.

முன்னோர் அறிந்தது பொய்யன்று

முதலில் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். பச்சிலை மருத்துவம் என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் கூற்று சரியன்று. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கொல்லை வேலியில் நிற்கும் ஆடாதோடையே போதும்.

ஆடு தொடாத இலை ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். இருமலுக்கும் இரைப்புக்கும் அதன் இலைச்சாற்றைத் தேனோடு கொடுப்பது நம் நாட்டுப் பழவழக்கம். சித்த மருந்தகங்களில் ஆடாதோடை மணப்பாகு இன்றும் கிடைக்கிறது. வேதியியலார் இவ்விலையை ஆராய்ந்து, வாசிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை அடியொற்றி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டதே, 1960களில் பயன்பாட்டுக்கு வந்த புரோம்ஹெக்சின் என்னும் சளியிளக்கி மருந்து. அதன் வழியில் வந்ததே அம்புராக்சால். இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் இருமல் மருந்துப் புட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். நம் வேலியோரத்துச் செடியின் வழித்தோன்றல்கள் அவை.

ஆயின் அதே ஆடாதோடையைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கலாகாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. சளியை இளக்கும் பொருளே இன்னொரு நிலையில் கேட்டை விளைவிக்கிறது. ஆற்றல் உள்ள பொருளுக்கே நன்மையும் செய்ய முடியும்; தீமையும் செய்ய முடியும். 'பச்சிலைதானே, பலிக்காவிட்டாலும் தீங்கில்லை' என்று சொல்வோர், அதனிடம் ஆற்றல் இருப்பதையே மறந்துவிடுகின்றனர்.

உரோமையில் ஒரு துண்டுத்தாள்

ஒரு நாட்டு மருந்தை உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்கு வரலாற்றில் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. அது நம் நாட்டில் அன்று, தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. எனினும் அதன் பயன் நம் நீலகிரி வரை வந்து சேர்ந்தது.

ஆண்டிசு மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை நடுக்கத்தைத் தணிக்கும் என்பதை அங்குள்ள பழங்குடி மக்களிடமிருந்து இயேசு சபைத் துறவியர் அறிந்துகொண்டனர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து அப்பட்டை உரோமைக்கு அனுப்பப்பட்டது. உரோமை நகரைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் இருந்தமையால் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, அங்கே ஆண்டுதோறும் பலரைக் கொண்டுபோன காலம் அது. கர்தினால் ஹுவான் தெ லூகோ அப்பட்டையை ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். 'இயேசு சபையார் பட்டை' என்றே அது ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றது. அப்பெயர் காரணமாகவே இங்கிலாந்தில் பலர் அதை ஐயத்தோடு நோக்கினர் என்பதும் வரலாறு.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது 1649ஆம் ஆண்டில் உரோமையில் அச்சிடப்பட்ட ஒரு சிறு துண்டுத்தாளை. பட்டையோடு கொடுத்தனுப்பப்பட்ட அத்தாளில் மூன்று செய்திகள் இருந்தன. இன்ன நாட்டிலிருந்து வரும் இன்ன மரத்தின் பட்டை என்பது ஒன்று. நன்கு பொடித்துச் சலித்து, இரண்டு திராம் எடை எடுத்து, திராட்சை இரசத்தில் ஊறவைத்து, குளிர் கண்டவுடன் பருக வேண்டும் என்பது மற்றொன்று. ஒருநாள் விட்டும் இரண்டு நாள் விட்டும் குளிரோடு வரும் காய்ச்சலுக்கு உரியது என்பது மூன்றாவது.

எந்தச் செடி? எவ்வளவு? எந்த நோய்க்கு? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பின்னரே அவர்கள் மருந்தை நோயாளியின் கையில் கொடுத்தனர். நம் சித்தர் வழி வந்த வைத்தியரும் இம்மூன்றையும் கேளாமல் மருந்து கொடுத்ததில்லை. நாடி பார்த்து நோயை அறிவார்; தாமே செடியை அறிந்து பறிப்பார்; வராகனெடை, குன்றிமணி எடை என்று நிறுத்துக் கொடுப்பார். வைத்தியர் மறைந்து, மூலிகையின் பெயர் மட்டும் நம் வாயில் எஞ்சியபோது, மூன்று கேள்விகளும் எங்கேயோ உதிர்ந்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

எந்தச் செடி?

கீழாநெல்லியை எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணுகிறோம். ஓரடி, ஒன்றரையடி உயரம். புளியிலையைப் போல இரு வரிசையில் அடுக்கிய சிற்றிலைகள். இலைக்காம்பின் கீழே கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள். கீழே நெல்லி காய்ப்பதால் கீழாநெல்லி. இவ்வளவும் சரியே. ஆனால் இதே தோற்றமுள்ள உடன்பிறப்புகள் இச்செடிக்குப் பல உண்டு. தண்டு செவ்வோடி, காயின் மேல்தோல் சொரசொரப்பாக, காம்பின்றி ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறோர் இனம். மேலாநெல்லி என்று வழங்குவது இன்னோர் இனம். காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கினால்தான் நாம் தேடும் செடி.

தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றை வாங்கி ஆராய்ந்தபோது, ஒரே பெயரின் கீழ் பல இனங்கள் கலந்திருந்தமை 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. விற்பவர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. அவருக்கும் யாரோ பறித்துக் கொடுத்தார்கள். அவர்களும் எல்லாம் ஒன்றே என்றுதான் எண்ணினார்கள்.

கரிசலாங்கண்ணியிலும் இச்சிக்கல் உண்டு. வெள்ளைப் பூப் பூப்பதும் மஞ்சள் பூப் பூப்பதும் வெவ்வேறு செடிகள். மஞ்சள் பூவுக்கு மயங்கி, சாலையோரத்திலும் பூங்காவிலும் அழகுக்காகப் படரவிட்டிருக்கும் அயல்நாட்டுக் கொடியைப் பறித்துக் கீரையாக ஆய்ந்துவிடுவோரும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து மூலிகையை அறிவது, படத்தைப் பார்த்து உறவினரை அறிவது போன்றதே; நேரில் ஒருமுறையேனும் தெரிந்தவர் கைகாட்டிச் சொல்ல வேண்டும்.

செடி சரியாக இருந்தாலும் அது வளர்ந்த இடம் சரியாக இருக்க வேண்டும். சாக்கடைக் கரையிலும், பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பிலும் கிடைப்பதைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. சாக்கடை நீரால் பரவிய காமாலைக்குச் சாக்கடைக் கரைச் செடியையே பச்சையாக அரைத்துக் குடிப்பது எத்தகைய விபரீதம்!

எவ்வளவு?

கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் பூத்து நிற்கும் ஒரு செடியை நாம் எல்லாரும் அறிவோம். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து இதழ்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டாலும் ஆண்டு முழுவதும் பூக்கும். நித்தியகல்யாணி என்பது அதன் நல்ல பெயர். சுடுகாட்டு மல்லி என்பது ஊரார் இட்ட பெயர். மடகாசுகர் தீவுதான் அதன் தாயகம்.

இச்செடியின் இலைக் கசாயம் நீரிழிவைக் குறைக்கும் என்று உலகின் பல பகுதிகளில் மக்கள் நம்பினர். 1952ஆம் ஆண்டில் கிளார்க் நோபிள் என்னும் மருத்துவர், யமைக்கா தீவிலிருந்து தமக்கு வந்த அந்த இலைகள் சிலவற்றை உறையிலிட்டுக் கனடாவில் ஆராய்ச்சி செய்துவந்த தம் சகோதரர் இராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆனால் எலிகள் தொற்றுநோயில் மடிந்தன. காரணம் தேடியபோது, அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன.

வேறொருவராயிருந்தால் இது நச்சுச் செடி என்று தூக்கி எறிந்திருப்பார். இராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லசு பீரும் வேறு விதமாக எண்ணினர். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகக்கூடும் அன்றோ? 1958இல் வின்பிளாசுட்டின் என்னும் பொருளை அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். அதே செடியிலிருந்து அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிசுட்டின் 1963இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையால், செல்வ நாடுகளில் அவ்வகைப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அம்மருந்துகளுள் வின்கிரிசுட்டின் இன்றும் இன்றியமையாதது. நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இச்செடி பயிரிடப்பட்டு ஏற்றுமதியாவதும் இதனாலேயே.

இனி அளவைப் பாருங்கள். ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். கொடுக்கும் அளவோ, வளர்ந்த ஆளுக்கும் பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இரத்தக்குழாயில் மட்டும், தேர்ந்த கைகளால், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துச் செலுத்துகிறார்கள். அளவு சற்றே மிகுந்தாலும் நரம்புகள் கெடும்.

இச்செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, 'புற்றுநோய்க்கு நித்தியகல்யாணி' என்றும், 'சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூ' என்றும் வீட்டில் கொதிக்கவைத்துக் குடிப்போரை நாம் சந்தித்திருக்கிறோம். ஒரு கைப்பிடி இலையில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. மண்ணுக்கும் பருவத்துக்கும் செடியின் வயதுக்கும் ஏற்ப அது மாறுபடும். சின்கோனாப் பட்டைக்கும் இதே தொல்லை இருந்தது. ஒரு மரத்தின் பட்டை குணப்படுத்தும், மற்றொன்று பயன்படாது. 1820இல் பெல்லெத்தியே, கவந்தூ என்னும் பிரெஞ்சு மருந்தியலார் இருவர் அதிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்த பிறகே நிறுத்துக் கொடுக்கும் வழி பிறந்தது. 1860களில் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் போடப்பட்டதும் அக்கொய்னாவுக்காகவே. அளவு மிகுந்தால் அதே கொய்னா காதையும் கண்ணையும் கெடுக்கும்.

எந்த நோய்க்கு?

இப்போது அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறோம். மகனுக்குக் கேட்ட பச்சிலை தாய்க்கு ஏன் கேட்கவில்லை?

காமாலை என்பது நோயன்று; நோயின் அறிகுறி. காய்ச்சலைப் போல, இருமலைப் போல அதுவும் ஓர் எச்சரிக்கை மணி. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் முதிர்ந்து சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு கலந்து, பித்தநாளம் வழியே குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் தருவதும் அதுவே. இவ்வழியில் எங்கே இடையூறு நேர்ந்தாலும் மஞ்சள் பொருள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணில் தெரியும்.

இடையூறு மூன்று இடங்களில் நேரலாம். இரத்த அணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம். கல்லீரலே நோயுறலாம், மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் ஏ, ஈ வைரசுகள், இரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் பி வைரசு, மது, எலிக்காய்ச்சல், சில மருந்துகளின் தீய விளைவு ஆகியவை இவ்வகையின. இனி, கல்லீரலைத் தாண்டிப் பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொள்ளலாம்.

திருப்பூரிலிருந்து வந்த மகனுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீரால் பரவிய காமாலையாக இருக்க வேண்டும். இவ்வகையில் பெரும்பான்மையோருக்கு, ஓய்வும் எளிய உணவும் கொடுத்தால் சில வாரங்களில் உடலே நோயை வென்றுவிடுகிறது. இதற்கெனத் தனி மருந்து ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. அந்தச் சில வாரங்களில் எந்தப் பச்சிலையைக் கொடுத்திருந்தாலும் நற்பெயர் அப்பச்சிலைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். தாய்க்கு வந்ததோ பித்தநாள அடைப்பு. அடைத்துக்கொண்ட வாய்க்காலைத் திறக்காமல், வயலுக்கு எந்த உரம் இட்டு என்ன பயன்? தாங்க முடியாத அரிப்பும், களிமண் போல வெளுத்த மலமும், தேய்ந்த உடம்பும் 'இது வேறு நோய்' என்று அந்த இரண்டரை மாதமும் கூவிக்கொண்டிருந்தன. வலி இல்லாமையால் யாரும் செவிமடுக்கவில்லை.

அப்படியானால் கீழாநெல்லியில் ஒன்றுமே இல்லையா? அப்படிச் சொல்வதும் அவசரம். இச்செடியைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு.பி. தியாகராஜன் முதலியோர், பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அதன் முடிவை வெளியிட்டனர். பி வைரசை உடலில் நிலையாகத் தாங்கியிருந்தவர்களுள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை 30 நாள் கொடுக்கப்பட்டது. 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. மருந்தற்ற பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அது மறைந்தது. உலகமே நம் கொல்லைச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் தாய்லாந்து முதலிய நாடுகளில் மீண்டும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனம் வேறோ, மண் வேறோ, பக்குவம் வேறோ என்று காரணங்கள் ஆராயப்பட்டன. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒருங்கே தொகுத்து எடைபோட்டவர்கள், பி வைரசுக்கு இது மருந்து என்று உறுதி கூறப் போதிய சான்று இல்லை என்றே முடித்தனர். ஆகவே கீழாநெல்லியின் கதை இன்னும் முடியவில்லை; ஆய்வுக்கூடத்தில் அது தொடர்கிறது. முதல் வெற்றியை மட்டும் சொல்லிப் பின்னர் நடந்ததை மறைப்பது, அந்த நல்ல ஆய்வாளருக்கும் அச்செடிக்கும் நாம் செய்யும் மரியாதையாகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வு பி வைரசைத் தாங்கியிருந்தவர்களைப் பற்றியதே; எல்லாக் காமாலைக்கும் இது மருந்து என்று அவர்கள் அன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே பி வைரசுக்கு நல்ல காப்பு ஒன்று நம் கையில் இருக்கிறது. அது தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். மகப்பேறு நடக்கும் வீடுகளில் பெரியவர்கள் இதைக் கேட்டு நிறைவேற்றுவார்களாயின் அதுவே சிறந்த பாட்டி வைத்தியம்.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

கண்ணில் மஞ்சள் கண்டால் முதல் வேலை இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தல். அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே இதைத் தொடங்கலாம். எவ்வகைக் காமாலை என்று தெரிந்த பிறகு எந்த மருத்துவம் என்று முடிவு செய்யலாம். சித்த மருத்துவத்தை நாடுவோர் அதற்கெனப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடமே செல்லட்டும். பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னைத் தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. அங்கே நிறுத்து, அளந்து, குறிப்பெழுதித் தருவார்கள்.

சில நிலைகளில் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. காமாலை கண்டவர் பிதற்றினாலோ, ஓயாது உறங்கினாலோ, வாந்தி நில்லாவிட்டாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலோ, குளிர்காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, வயிறு வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலம் வெளுத்து அரிப்பு மிகுந்தால் அடைப்பு இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை என்றால் அது வீட்டு வைத்தியத்துக்குரியதே அன்று. ஈ வைரசு கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 தாய்மார் வரை உயிரிழக்க நேரிடும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. பிறந்த அன்றே மஞ்சளிக்கும் குழந்தையையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

பச்சிலை ஏதேனும் உட்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். திட்டுவாரோ என்று அஞ்சி மறைப்போர் பலர். அவர் கொடுக்கும் மருந்தோடு அது மோதக்கூடும் ஆதலின், அவர் அறிந்திருப்பது நல்லது. மருத்துவர்களும், சொல்லத் துணியும் ஏழைத் தாயைக் கடிந்து வாயடைக்காமல் கேட்பார்களாக.

ஒரே தெருவில் பலருக்குக் காமாலை வந்தால், பழுது கல்லீரலில் இல்லை. தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பருகுவதும், உடைந்த குழாயைச் சீராக்கும்படி ஊராட்சியை வற்புறுத்துவதுமே அங்கு மருந்து.

சீராக்கின் ஞான நூலின் 38ஆம் அதிகாரம், நிலத்திலிருந்து மருந்துகளைத் தந்தவர் ஆண்டவர் என்று சொல்கிறது. மருத்துவருக்கு அவருக்குரிய இடத்தைக் கொடுக்கவும் அதே அதிகாரமே சொல்கிறது. செடியும் மருத்துவரும் அங்கே பகைவர் அல்லர். ஒரே கையின் இரு கொடைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குவது நாமாகச் செய்துகொண்ட பிழை.

சென்ற கார்த்திகையில் அந்த அப்பத்தாவை மீண்டும் பார்க்கப் போயிருந்தோம். நாம் மேலே எழுதியவற்றை அவர் அருகில் அமர்ந்து நம்மால் இயன்றவரை எளிதாகச் சொன்னோம். "உங்கள் பச்சிலை அவரைக் கொல்லவில்லை. அது வேறு நோய். நோய் இன்னதென்று பார்க்காமல் நாள் கடந்ததுதான் இழப்பு. அதில் உங்களுக்கு மட்டுமல்ல, படித்த எங்களுக்கும் பங்குண்டு. பத்து நாள் முன்னே வந்து பார்த்த நாங்களும் ஏன் என்று கேட்கவில்லையே" என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாம் புறப்படும் வேளையில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, தன் கணவனுக்குக் கண் மஞ்சளாயிருக்கிறது, கொஞ்சம் கீழாநெல்லி அரைத்துத் தாருங்கள் என்று கேட்டாள். கொல்லையில் மழைக்குத் தழைத்த செடி நிறைய இருந்தது. அப்பத்தா எழுந்திருக்கவில்லை.

"ரத்தம் பாத்தாச்சா, தாயி?" என்று கேட்டார். "மொதல்ல பாத்துட்டு வா. செடி எங்கேயும் போயிடாது."